கொல்லையில் தேக்சாவைப் பதித்து அடுப்பு கட்டலாமா?

கொல்லைப்பக்கம் | 2 மார்ச் 2024, காலை

ஈரோடு பக்கம் தோட்டத்து வீடுங்க. கொல்லையில பத்துக்குப் பன்னிரண்டு அடியில ஒரு சமையல் கொட்டகை போடறேன். பத்து கிலோ அரிசி பிரியாணி ஆகற அலுமினிய தேக்சாவ செங்கல் அடுப்புல அப்படியே பதிச்சு, சுத்தி சிமெண்ட் பூசி, மேல கிரானைட் ஒட்டிரலாம்னு கொத்தனார் சொல்றாருங்க. கிடாவெட்டு, காதுகுத்துக்கு ஆகும், மத்த நாள்ல வெந்நீர் போட்டுக்கலாம். பதிக்கறப்ப என்ன கவனிக்கணும்?

சுண்ணாம்பு | 2 மார்ச், மதியம்

பதிக்காதீங்க. உட்கார வைங்க, தூக்கினா கையோட வரணும்.

அலுமினியம் சூட்டில் விரியும். 50 செ.மீ. வாய் உள்ள பாத்திரம் 150 டிகிரி சூடு ஏறினால் குறுக்களவில் ஒண்ணே முக்கால் மில்லிமீட்டர் கூடும். செங்கல் அதில் நாலில் ஒரு பங்குகூட விரியாது. சுற்றிச் சிமெண்ட் வைத்து இறுக்கினால் முதல் பெரிய சமையலிலேயே பூச்சு பிளக்கும், இல்லையென்றால் பாத்திரம் நெளியும். ரெண்டும் நடப்பதுதான் அதிகம்.

அடுத்தது சிமெண்ட். 400, 500 டிகிரியில் அதன் பிணைப்பு போய்விடும். அடுப்பு ஆறின பிறகு ஈரம் பட்டால் மாவாக உதிரும். நெருப்பு படும் பகுதியில் சிமெண்டே கூடாது. கிரானைட்டும் வேண்டாம். ஒரு பக்கம் மட்டும் சூடேறினால் சில்லு சில்லாகத் தெறிக்கும். கடப்பா கல் அதைவிட மோசம், ஏடு ஏடாகப் பிரியும், எண்ணெய் சிந்தினால் வழுக்கவும் வழுக்கும். மேல்தளத்துக்குச் செங்கலைக் குத்தாக அடுக்கி மண்பூச்சு போதும்.

நிலையாகப் பதிக்கிற பாத்திரம் ஒண்ணு உண்டு: பழைய வீட்டு வெந்நீர் அடுப்பில் இருக்கும் செப்பு அண்டா. அதில் தண்ணீரைத் தவிர வேறெதுவும் போவதில்லை, மொண்டு எடுப்பதோடு சரி, கழுவத் தூக்க வேண்டியதில்லை. அந்த யோசனையைச் சமையல் பாத்திரத்துக்குக் கொண்டுவந்தால் சிக்கல்தான்.

சுண்ணாம்பு | 2 மார்ச், இரவு

அளவு கேட்பீர்கள் என்று தெரியும், எழுதிவிடுகிறேன்.

பத்து கிலோ அரிசி, பத்து கிலோ கறி. வெந்த பிறகு மொத்தம் 45 லிட்டர் பக்கம் வரும். கிளற இடம் விட்டு 60 லிட்டர் தேக்சா. 50 செ.மீ. அகலம், 32 செ.மீ. ஆழம் என்றால் 62 லிட்டர். இதை வைத்தே மற்றதெல்லாம்.

பீடம் 10 செ.மீ. தரையோடு தரையாகக் கட்டினால் மழைத்தண்ணீர் சாம்பல் குழிக்குள் வரும். பீடத்தின் மேல் சாம்பல் அறை 12 செ.மீ. அதன்மேல் கம்பிச் சல்லடை. சல்லடையிலிருந்து பாத்திரத்தின் அடி வரை 22 செ.மீ. இதைக் குறைத்தால் தீ எரிந்து முடியும் முன்னே அடியில் மோதிக் கரி படியும். கூட்டினால் விறகு வீண்.

உள்சுவர் வட்டமாக, பாத்திரத்தைச் சுற்றி இரண்டரை செ.மீ. இடைவெளி, ஆக உள் விட்டம் 55. உள்சுவர் அரைச்செங்கல், பிறகு 5 செ.மீ. சந்து, வெளிச்சுவர் அரைச்செங்கல், சதுரமாக. வெளியளவு 110 செ.மீ. வட்டத்துக்கும் சதுரத்துக்கும் நடுவில் மூலைகளில் கிடைக்கும் இடமெல்லாம் உமிச்சாம்பல் கொட்டுங்கள், ஆறு சிமெண்டுச் சாக்கு பிடிக்கும். மணல் கொட்டினால் சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும், சாம்பல்தான் தடுக்கும். ஒரு வருஷத்தில் அமுங்கி இறங்கும், மேலே ஒரு செங்கலைப் பூசாமல் விட்டு வைத்தால் திரும்ப நிரப்பலாம்.

செங்கல் 275, உடைசல் சேர்த்து. விறகு வாய் 20 செ.மீ. அகலம், 16 உயரம். புகைபோக்கி 15 செ.மீ. விட்டம், விறகு வாய்க்கு நேரெதிரே.

பாத்திரத்தின் விளிம்புக்குக் கீழே இரும்பு வளையம், அதில் விளிம்பு உட்காரும்.

துடுப்பு | 3 மார்ச், காலை

கடைசி வரியை மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டேன். விளிம்பு வரை அடுப்புக்குள் இறக்கினால் அது வெந்நீர் அடுப்பு. பிரியாணிக்கு ஆகாது.

தேக்சாவில் சரக்கு முக்கால் அளவுக்குத்தான் நிற்கும். அதற்கு மேலே இருக்கும் சுவரில் தீ பட்டால், கிளறும்போது தெறித்து ஒட்டின மசாலா அங்கேயே கருகும். அந்தக் கருகல் உள்ளே விழுந்தால் மொத்தச் சமையலும் கசக்கும். சுற்றுத் தீ சரக்கு மட்டத்துக்குக் கீழேயே நின்றாக வேண்டும்.

அதுபோக, காது எங்கே இருக்கிறது? விளிம்புக்குக் கொஞ்சம் கீழே. அது அடுப்புக்குள் போய்விட்டால் எதைப் பிடித்துத் தூக்குவது?

சுண்ணாம்பு | 3 மார்ச், மாலை

சரியான கேள்வி. அப்படியானால் வளையத்தைக் கீழே இறக்குவோம். பாத்திரம் 20 செ.மீ. மட்டும் உள்ளே, 12 செ.மீ. வெளியே. அடுப்பின் மேல்தளம் தரையிலிருந்து 66 செ.மீ., பாத்திரத்தின் விளிம்பு 78. இடுப்புக்குக் கீழே நிற்கும், துடுப்பு போட வசதி. காது வெளியே, கம்பு கொடுத்துத் தூக்கலாம்.

ஆனால் இப்போது வளையம் பாத்திரத்தைத் தாங்காது, நேர்ச்சுவரில் தாங்க எதுவும் இல்லை. எடையைக் கீழே மூன்று குமிழ் தாங்கட்டும். உள்சுவரிலிருந்து முக்கால் செங்கல் நீட்டி, முன்பக்கம் ஒண்ணும் வராமல், பின்னால் ஒண்ணு, இருபுறமும் ஒவ்வொண்ணு. சுவருக்குள் கால் செங்கல்தான் இருக்கும் என்பதால் அடியில் ஒரு செங்கலைக் கால் பங்கு நீட்டி முட்டுக் கொடுங்கள். நாலு குமிழ் வைத்தால் ஒண்ணு தொடாது, பாத்திரம் ஆடும். மூன்றுக்கும் மேல்மட்டம் ஒன்றாக இருக்க வேண்டும், ரசமட்டம் வைத்துப் பாருங்கள்.

வளையத்தின் வேலை சந்தை மூடுவது மட்டும். 40க்கு 5 மி.மீ. எம்.எஸ். (பூச்சில்லாத சாதா இரும்பு) பட்டையை உருட்டிச் செய்யச் சொல்லுங்கள், பாத்திரத்துக்கும் வளையத்துக்கும் நடுவே சுற்றி 4 மி.மீ. விட்டு. அந்த 4 மி.மீ.யில் கண்ணாடிநார்க் கயிறு திணிக்கலாம். கிடைக்காவிட்டால் சமைக்கும் முன் ஈரமண்ணை விரலால் அப்பினால் போதும். ஆஸ்பெஸ்டாஸ் கயிறு சில கடைகளில் இன்னும் தருவார்கள், தொடாதீர்கள்.

பட்டறைக்குப் பாத்திரத்தையே எடுத்துப் போங்கள். '50 செ.மீ. தேக்சா' என்று கடையில் சொல்வது வாயளவு, பக்கச்சுவர் ஒன்றிரண்டு செ.மீ. குறைவாக இருக்கும்.

கொல்லைப்பக்கம் | 3 மார்ச், இரவு

பேர்லயே சுண்ணாம்பு வச்சுக்கிட்டு மண்ணு பூசச் சொல்றீங்களேண்ணா. தீச்செங்கல் வாங்கட்டுமா, நாட்டுச் செங்கல் போதுமா? எந்த மண்ணுங்க?

சுண்ணாம்பு | 4 மார்ச்

சுண்ணாம்புச் சாந்து வெளிச்சுவருக்கும் கொட்டகைச் சுவருக்கும். தீ படுகிற இடத்துக்கு மண்தான்.

விறகு அடுப்புக்கு நன்றாக வெந்த நாட்டுச் செங்கல் போதும். தட்டினால் மணிச்சத்தம் வரணும், உடைத்துப் பார்த்தால் நடுவில் கறுப்பு இருக்கக் கூடாது. சல்லடையிலிருந்து மேலே இரண்டு வரிசை மட்டும் தீச்செங்கல் வைத்தால் நல்லது, விறகு இடிக்கிற இடமும் அதுதான். தீச்செங்கலுக்குத் தீக்களிமண் சாந்து, இணைப்பு 2, 3 மி.மீ.க்கு மேல் வேண்டாம்.

மற்ற இடத்துக்குப் புற்றுமண் கிடைத்தால் அதுவே முதல்தரம். கரையான் சலித்துச் சலித்துக் கட்டினது, கல் இருக்காது, பிசுக்கு நன்றாக இருக்கும். ஆளில்லாத புற்றாகப் பார்த்து எடுங்கள், உள்ளே குடியிருப்பவர் யார் என்று தெரியாது. கரிசல் வேண்டவே வேண்டாம், காய்ந்தால் கைவிரல் போகிற அளவுக்குப் பிளக்கும்.

ஒரு பங்கு மண், இரண்டு பங்கு சலித்த ஆற்று மணல், ஒரு பிடி உமி. இதை எழுத்தில் நம்ப வேண்டாம், மண்ணுக்கு மண் மாறும். ஒண்ணுக்கு ஒண்ணு, ஒண்ணுக்கு ரெண்டு, ஒண்ணுக்கு மூணு என்று மூன்று கட்டி பிடித்து நிழலில் காய வையுங்கள். வெடித்தால் மணல் போதவில்லை. தேய்த்தால் உதிர்ந்தால் மணல் கூடிவிட்டது. இந்த அளவு அடுப்புக்குப் பூச்சையும் சேர்த்து மூணு சாக்கு மண், ஆறு சாக்கு மணல் ஆகும். மண்ணை முதல்நாள் இரவே ஊற வைத்து மிதிக்க வேண்டும். செங்கலையும் நனைத்துத்தான் வைக்கணும், காய்ந்த செங்கல் சாந்தின் ஈரத்தை இழுத்துவிடும்.

விறகு வாய்க்கு மேலே கான்கிரீட் லிண்டல் போடக் கொத்தனார் கை பரபரக்கும், விடாதீர்கள். சூட்டில் உள்கம்பி விரிந்து கான்கிரீட் தெறிக்கும். செங்கல் வளைவு கட்டட்டும். தெரியாதென்றால் 50க்கு 50 ஆங்கிள் இரும்பு, இரண்டு முனையிலும் 4 மி.மீ. இடம் விட்டு.

துடுப்பு | 6 மார்ச்

சல்லடைக் கம்பியைப் பற்றி யாரும் பேசவில்லை. 16 மி.மீ. கம்பி, இடைவெளி 12 முதல் 15. இரண்டு முனையையும் வெல்டு வைத்து ஜன்னல் மாதிரி செய்து தருவார்கள், அது முதல் மாசமே வளைந்து முறுக்கிக்கொள்ளும். தனித்தனிக் கம்பியாகப் பள்ளத்தில் சும்மா கிடக்கட்டும். வளைந்த கம்பியைத் திருப்பிப் போடலாம், போனால் அதை மட்டும் மாற்றலாம். வார்ப்பிரும்புச் சல்லடை கிடைத்தால் இன்னும் நீடிக்கும், அதன் மேல் விறகைத் தூக்கி எறியாமல் இருந்தால்.

சுண்ணாம்பு | 9 மார்ச்

இடைவெளியைப் பற்றி ஒரு மறுயோசனை. இரண்டரை செ.மீ. என்று எழுதியிருந்தேன். கணக்குப் போட்டால் அது தாராளம்.

15 செ.மீ. புகைபோக்கியின் வாய்ப் பரப்பு 177 சதுர செ.மீ. 50 செ.மீ. பாத்திரத்தைச் சுற்றி 1 செ.மீ. சந்து விட்டாலே 160 வருகிறது. அதாவது 11 மி.மீ. சந்து இருந்தால் புகைபோக்கி இழுக்கிற அளவு புகை தடையில்லாமல் போகும். இரண்டரை செ.மீ. விட்டால் சூடான புகை பாத்திரத்தை உரசாமல் நடுவில் நழுவிப் போய்விடும்.

11 மி.மீ.தான் வைக்கணும் என்று சொல்ல மாட்டேன். கரி படிந்தால் அடைக்கும். 2 செ.மீ. வையுங்கள், உள் விட்டம் 54. புகைபோக்கி இருக்கும் பின்பக்கம் மட்டும் 1 செ.மீ. காரணம்: புகை எப்போதும் குறுக்கு வழி தேடும். பின்னால் துளை இருந்தால் முன்பக்கமும் பக்கவாட்டும் சுற்றாமல் நேரே பின்னால் ஓடும். பாத்திரத்தின் பின்பாதி கொதிக்கும், முன்பாதி சும்மா நிற்கும். பின்பக்கம் சந்தைக் குறுக்கினால் புகை சுற்றிக்கொண்டு வரும். துளையை வளையத்துக்கு 3 செ.மீ. கீழே, மேல்பக்கமாக வையுங்கள்.

துடுப்பு | 9 மார்ச், இரவு

ரெண்டு வருஷம் புழங்கின தேக்சாவின் பக்கச்சுவர் எங்கே நேராக இருக்கிறது? இடிபட்டு உள்ளேயும் வெளியேயும் நெளிந்திருக்கும். 2 செ.மீ. சரி, அதற்குக் கீழே எங்கேயும் போகாதீர்கள், பின்பக்கம் தவிர. புதுப் பாத்திரத்தை வைத்து அளந்து கட்டினால் அது நெளிந்த அன்றைக்கு உள்ளே இறங்காது.

கொல்லைப்பக்கம் | 10 மார்ச்

புகைபோக்கிக்கு ஆஸ்பெஸ்டாஸ் பைப் மிச்சம் கிடக்குதுங்க, போட்டுரட்டுமா? ஜி.ஐ. பைப்பும் ஒண்ணு இருக்கு.

சுண்ணாம்பு | 10 மார்ச்

ஆஸ்பெஸ்டாஸ் சிமெண்ட் சூட்டில் வெடிக்கும், உடைந்தால் அதன் நார் நுரையீரலுக்குக் கேடு. ஜி.ஐ. பைப்பில் துத்தநாகப் பூச்சு, அது 419 டிகிரியில் உருகும். அடுப்புப் பக்கத்தில் அந்தச் சூடு வரும். கீழே ஒரு மீட்டர் செங்கல் கூண்டு, அதற்கு மேலே கறுப்பு எம்.எஸ். பைப். துளையிலிருந்து மொத்தம் இரண்டரை மீட்டராவது உயரணும், கூரைக்கு மேல் 60 செ.மீ. நீளணும். தொப்பிக்கும் பைப்பின் வாய்க்கும் நடுவே 8 செ.மீ. விடுங்கள், தொப்பி நெருங்கினால் புகை திரும்பும். கூரையைத் துளைக்கும் இடத்தில் பைப்பைச் சுற்றி 5 செ.மீ. காலி, அதன்மேல் தகரக் கழுத்து. கீற்றுக் கொட்டகை என்றால் இந்தப் பேச்சையே விடுங்கள். ஓடு அல்லது தகரம், உயரம் ஒன்பதரை அடிக்குக் குறையாமல்.

செங்கல் கூண்டின் அடியில் ஒரு செங்கலைப் பூசாமல் விடுங்கள், கரி அள்ள. 1983-ல் தொடங்கின தேசிய மேம்பட்ட அடுப்புத் திட்டத்தில் ஊர் ஊராகப் புகைபோக்கி வைத்த அடுப்பு போட்டார்கள். குழாய் அடைந்ததும் சுத்தம் செய்ய வழியோ ஆளோ இல்லாமல் எத்தனையோ வீட்டில் அடுப்பையே இடித்துப் போட்டார்கள். கை நுழையும் துளை ஒன்று இருந்திருந்தால் பாதி அடுப்பாவது பிழைத்திருக்கும் என்பது என் எண்ணம்.

கொல்லைப்பக்கம் | 11 மார்ச்

கொட்டகை அக்னி மூலையிலதான் வரணும்னு அம்மா பிடிவாதம்.

சுண்ணாம்பு | 11 மார்ச்

அம்மா சொல்வதைக் கேளுங்கள். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று உங்கள் பக்கம் வருஷத்தில் பாதி நாள் மேற்கிலிருந்துதான். தென்கிழக்கில் அடுப்பு இருந்தால் புகை வீட்டுக்குள் வராது. விறகு வாய் மட்டும் மேற்கு பார்க்கக் கூடாது. தெற்கே அல்லது வடக்கே பாருங்கள்.

துடுப்பு | 14 மார்ச்

பாத்திரம் எதில் என்று கேட்கவே இல்லை நீங்கள். அலுமினியம் என்று முடிவு செய்துவிட்டீர்கள், பிரியாணிக்கு ஓடும். புளிக்குழம்பு, ரசம், மோர்க்குழம்பு அதில் வைக்காதீர்கள், புளிப்பு அலுமினியத்தை அரிக்கும். தயிரும் தக்காளியும் சேர்ந்த பிரியாணியையும் இரவு முழுக்க அதிலேயே விடாதீர்கள், பந்தி முடிந்ததும் மாற்றிவிடுங்கள்.

செம்பு என்றால் உள்ளே வெள்ளீயம் பூசியிருக்கணும், பூச்சு தேய்ந்து செம்பு தெரிந்தால் களிம்பு. வெள்ளீயம் 232 டிகிரியில் உருகும். எண்ணெய் ஊற்றாமல் வெறும் பாத்திரத்தைக் காய வைத்தால் பூச்சு வழிந்துபோகும். விறகுத்தீயில் இது நிமிஷக் கணக்கு.

எவர்சில்வர் கனமான அடியோடு இருந்தால் மட்டும். மெல்லிசு எவர்சில்வர் தீ படுகிற இடத்தில் மட்டும் கருகும், சூடு பக்கத்துக்குப் பரவாது.

சமைக்கும் முன் பாத்திரத்தின் வெளிப்புறம், வளையத்துக்குக் கீழே வருகிற பகுதி முழுக்க, மண்ணும் சாம்பலும் குழைத்துப் பூசிக் காய வையுங்கள். கரி அதன்மேல் படியும், முடிந்ததும் தண்ணீர் ஊற்றினால் மண்ணோடு கழன்று வரும். பதித்த பாத்திரத்துக்கு இது செய்யவே முடியாது, வருஷக்கணக்காகக் கரி ஏறி ஏறி அடி சூடாவதே தாமதமாகும்.

கொல்லைப்பக்கம் | 14 மார்ச்

சாதம் வடிக்கறதுக்கு அடியில ஒரு குழாய் வச்சுட்டா கஞ்சி தானா வந்துருமேங்க? தூக்கவே வேண்டாம்.

துடுப்பு | 14 மார்ச்

கஞ்சி ஆறும்போது பசை. குழாய்க்குள் ரெண்டு பருக்கை நின்றால் அடுத்த சமையலுக்குள் புளித்து நாறும். வால்வு வாசரும் தீக்குப் பக்கத்தில் நிற்காது. வெந்நீர் அண்டாவுக்கு வேண்டுமானால் குழாய் வையுங்கள், வளையத்துக்கு மேலே பக்கச்சுவரில், பித்தளை.

சாதத்துக்கு ஜல்லிக் கரண்டியால் அள்ளி மூங்கில் கூடையில் போடுங்கள், கூடைக்குக் கீழே அகலமான பாத்திரம். கஞ்சியை வாய்க்காலில் விடாதீர்கள், மாட்டுக்கு ஆகும். வாய்க்காலில் போனால் எலியும் ஈயும். தரைச்சரிவு ஐந்து அடிக்கு ஒரு அங்குலம் போதும், அடுப்பிலிருந்து விலகிப் போகிற பக்கம்.

தண்ணீர்க் குழாயை அடுப்புக்கு மேலே நீட்டலாம், ஆனால் புகை வருகிற பக்கம் வேண்டாம். பக்கவாட்டில் 120 செ.மீ. உயரத்தில் வைத்து ஒரு ஹோஸ் மாட்டினால் பாத்திரம் நிரம்பிவிடும்.

சுண்ணாம்பு | 20 மார்ச்

விறகு கணக்கு கேட்டுத் தனியாகச் செய்தி வந்தது, பொதுவில் போடுகிறேன். 40 லிட்டர் தண்ணீரை 28 டிகிரியிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுபோக 12,000 கிலோஜூல் வேண்டும். காய்ந்த விறகு கிலோவுக்கு 16,000 தரும். மூணு கல் அடுப்பில் நூற்றுக்கு 12 பங்குதான் பாத்திரத்துக்குப் போகும், ஆக ஆறு கிலோவுக்கு மேல். சந்தும் புகைபோக்கியும் சரியாக அமைந்த அடுப்பில் 27 பங்கு வைத்துக்கொண்டால் மூணு கிலோவுக்குள். செங்கல் சூடேறப் போகிற விறகை இதில் சேர்க்கவில்லை. குளிர்ந்த அடுப்பில் ஒரே ஒரு அண்டா வெந்நீர் மட்டும் போட்டால் இந்த லாபம் கரைந்துவிடும். அதனால் தினசரிக் குளியலுக்கு இந்த அடுப்பை எரிக்காதீர்கள், அதற்குச் சின்னதாக வேறொன்று.

சவுக்கு, சீமைக்கருவேல், புளி எது கிடைத்தாலும் சரி. கைமுட்டிக் கனத்துக்கு மேல் இருந்தால் பிளந்து போடுங்கள். பெயிண்ட் அடித்த பலகை, பிளைவுட் இரண்டும் சமையலுக்கு ஆகாது.

துடுப்பு | 21 மார்ச்

தம் போடுவதைப் பற்றி எழுதியே ஆகணும், எல்லாரும் இங்கேதான் கெடுத்துக்கொள்கிறார்கள்.

மூணு கல் அடுப்பில் அரிசியும் தண்ணீரும் ஒரே மட்டத்துக்கு வந்ததும் தீயை இழுத்தால் அடி ஆறத் தொடங்கும். செங்கல் அடுப்பில் தீயை இழுத்த பிறகும் சுவர் சூடு விடாது. அங்கே பழகின கையோடு இங்கே தம் போட்டால் அடியில் நாலு விரல் கனத்துக்குக் கருகும்.

வழி ரெண்டு. ஒண்ணு: அரிசி தெரியும் முன்னே, தண்ணீர் இன்னும் ஒரு விரல் மேலே நிற்கும்போதே கங்கு முழுக்க இழுத்துவிடுங்கள். விறகு வாயும், புகைபோக்கியைத் திறந்து மூடச் சொருகும் தடுப்புத் தகடும் முழுக்கத் திறந்திருக்கட்டும், குளிர்காற்று உள்ளே ஓடிச் சுவரை ஆற்றும். மூடி போட்டு, ஓரத்தில் மைதா ஒட்டி, இழுத்த கங்கில் பாதியை மூடிமேல் பரப்புங்கள். 25 நிமிஷம். சுவரை ஆற்றுகிறேன் என்று தண்ணீர் தெளிக்காதீர்கள், செங்கல் பிளக்கும்.

ரெண்டு: பாத்திரத்தையே தூக்கி வெளியே மூணு செங்கல்மேல் வைத்து, அடியில் ஒரு சட்டி கங்கு. ஐம்பது கிலோ பக்கம் இருக்கும், காதில் கம்பு கொடுத்து ரெண்டு பேர். எனக்கு இதுதான் பிடித்த வழி. தூக்க முடிகிற பாத்திரம் என்று முதலில் சுண்ணாம்பு சொன்னதன் அருமை இங்கேதான் தெரியும்.

சுண்ணாம்பு | 21 மார்ச்

தடுப்புத் தகட்டை முழுக்க மூடும்படி செய்யாதீர்கள், அதில் இரண்டு விரல் நுழையும் ஓட்டை ஒன்று போடுங்கள். கங்கு கிடக்கும்போது யாராவது அடைத்துவிட்டால் கார்பன் மோனாக்சைடு என்கிற நச்சுக்காற்று கொட்டகைக்குள் நிற்கும். அதற்கு வாசனையும் கிடையாது, கண்ணும் எரியாது.

சுண்ணாம்பு | 2 ஏப்ரல்

கட்டி முடித்துவிட்டதாகச் செய்தி வந்தது. உடனே கிடாவெட்டு வைக்காதீர்கள். மூணு வாரம் நிழலில் காயட்டும். பிறகு சுள்ளி மட்டும் போட்டு அரைமணி, மறுநாள் ஒரு மணி, இப்படி ஒரு வாரம். எடுத்தவுடன் பெருந்தீ வைத்தால் உள்ளே இருக்கும் ஈரம் ஆவியாகிற வேகத்தில் செங்கல் இணைப்பு பிளக்கும். மயிரிழை வெடிப்பு வரத்தான் செய்யும், மண்ணைக் கூழாகக் கரைத்துத் துணியால் தேய்த்து, சாணியும் சேர்த்து மெழுகினால் மூடிக்கொள்ளும். விரல்நகம் நுழைகிற வெடிப்பு என்றால் அந்த இடத்தைச் சுரண்டி எடுத்துத் திரும்பப் பூசணும்.

கொல்லைப்பக்கம் | 27 ஜூலை

ஆடிக் காத்துல விறகு வாய் வழியா புகை திரும்ப வருதுங்க. மார்ச்சுல சொன்ன மாதிரிதான் தெக்க பார்த்து வாய் வச்சிருக்கு. போன மாசம் நல்லா இழுத்துச்சு.

சுண்ணாம்பு | 27 ஜூலை

வரிசையாகப் பாருங்கள். முதலில் ஒரு ஊதுவத்தியைக் கொளுத்தி, அடுப்பு எரியும்போது வளையத்தைச் சுற்றிக் காட்டுங்கள். புகை உள்ளே இழுபட்டால் அங்கே சந்து, குளிர்காற்று நுழைந்து புகைபோக்கியின் இழுப்பைக் கெடுக்கிறது. மண் அப்புங்கள். அது சரியென்றால் கூண்டின் கரித்துளையைத் திறந்து பாருங்கள். மூன்றாவது, விறகு வாயை முழுக்க அடைத்து விறகு வைக்கிறீர்களா? மேல்பாதி காலியாக இருக்கணும். நான்காவது, பக்கத்தில் புதிதாகச் சுவரோ தட்டுப்போரோ வந்திருக்கிறதா? கூரையைவிட உயரமான ஒன்று மேற்கே இருந்தால் காற்று அதைத் தாண்டிக் கீழே இறங்கிப் பைப்புக்குள் அடிக்கும்.

கொல்லைப்பக்கம் | 28 ஜூலை

நாலாவதுதாங்க. சோளத்தட்டுப் போர். நகர்த்தறது நடக்காது, பைப்ப நீட்டிடறேன்.

சுண்ணாம்பு | 28 ஜூலை

ஒரு மீட்டர் நீட்டுங்கள், ஆனால் மூணு பக்கமும் கம்பியிழுத்துக் கட்டுங்கள். கூடவே போரையும் பாருங்கள், பொறி பறக்கும் தூரத்தில் காய்ந்த தட்டு இருக்கக் கூடாது. தொப்பிக்குக் கீழே 12 மி.மீ. கண்ணி வலை சுற்றினால் பெரிய பொறி வெளியே வராது. அந்த வலையைத்தான் மாசம் ஒரு தடவை கரி தட்டணும், இல்லாவிட்டால் திரும்ப இதே கேள்வி வரும்.

துடுப்பு | 19 அக்டோபர்

பேச்சு தாஷ்கண்ட் வரை போனால் தப்பில்லை என்று நினைக்கிறேன். உஸ்பெக்குகள் பலாவ் (அவர்கள் ஊர்ப் புலாவு) செய்கிற கசான் என்கிற பாத்திரம் வார்ப்பிரும்பு, அடி உருண்டை. விளிம்பில் தொங்கும், தீ அடியையும் பக்கத்தையும் சுற்றும். பெரிய பலாவ் கூடங்களில் அதை அடுப்போடு சேர்த்தே கட்டியிருப்பார்கள். அவர்களுக்கு அது ஒத்துவருவதற்குக் காரணம் பாத்திரத்தின் கனம். வார்ப்பிரும்பு இவ்வளவு விரியாது, சூட்டையும் மெல்ல விடும், அரிசியை மேலே குவித்து மூடுவார்கள், அடியில் கறியும் கேரட்டும் எண்ணெயும் கிடக்கும். நம் தேக்சாவில் அரிசியே அடிவரை கிடக்கிறது. அந்தக் கூடங்களின் படத்தைப் பார்த்துவிட்டு அலுமினியத்தைப் பதிக்கச் சொல்கிற கொத்தனார்களுக்காக எழுதினேன்.

கொல்லைப்பக்கம் | 24 அக்டோபர்

மழை அடிச்சு அடுப்பு நனைஞ்சுருச்சு. சாம்பல் அறையில தண்ணி இல்ல, பீடம் காப்பாத்திருச்சு. தீவாளிக்கு எரிக்கலாமுங்களா? வளையமும் துருப்பிடிச்சிருக்கு.

சுண்ணாம்பு | 24 அக்டோபர்

இன்னும் ஒரு வாரம் இருக்கிறது. தினம் அரைமணி சுள்ளித்தீ, கடைசி இரண்டு நாள் ஒரு மணி. புகைபோக்கியும் ஈரமாக இருக்கும், இழுக்காது. கரித்துளையில் இரண்டு தாள் கொளுத்திப் போட்டுப் பைப்பைச் சூடாக்கிவிட்டு அடுப்பைப் பற்ற வையுங்கள். சாம்பலை அள்ளிவிடுங்கள், ஈரச்சாம்பல் சல்லடைக் கம்பியைத் தின்றுவிடும். வளையத்தைச் சூடாக இருக்கும்போது நல்லெண்ணெய்த் துணியால் துடைத்தால் போதும், பெயிண்ட் அடிக்காதீர்கள், சூட்டில் கொப்புளித்துப் பாத்திரத்தில் ஒட்டும்.

துடுப்பு | 25 அக்டோபர்

தேக்சாவை அடுப்பிலேயே விட்டிருந்தீர்களானால் குமிழ் பட்ட இடத்தில் அடியைப் பாருங்கள். ஈரச்சாம்பல் அலுமினியத்தையும் குழி குழியாக அரிக்கும். குழி இருந்தால் தண்ணீர் நிரப்பி ஒரு இரவு காய்ந்த சிமெண்டுத் தரையில் வைத்துப் பாருங்கள், கசிந்தால் ஈரம் தெரியும். இனிமேல் சமையல் முடிந்ததும் தூக்கிக் கவிழ்த்து வைத்துவிட்டு, அடுப்பு வாயைத் தகரத்தால் மூடுங்கள். பூனை உள்ளே போய்ப் படுத்துக்கொள்ளும், பற்ற வைக்கும் முன் குனிந்து பாருங்கள்.